ஈராக்கின் அமாரா நகரில், ஆற்றின் இடது கரையில் கிடப்பவர்கள் யார்? போர்க் கல்லறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கும், அந்த ஆணையத்தில் இந்திய அரசின் சார்பில் அமர்ந்திருக்கும் லண்டன் ஹை கமிஷனர் அவர்களுக்கும் வணக்கம்.

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டை எங்கள் பக்கத்தார் எல்லோரும் அறிவார்கள். மூட்டை இறக்கும் வண்டிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914இல் தொடங்கிய பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். போனவர் எத்தனை பேர், திரும்பாதவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்கள்தாம் செய்தி. பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த 14 பேரில் எவரும் எங்கள் வீட்டுக்காரர் அல்லர், ஏனென்றால் எங்கள் ஊர் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் என் தாத்தாவின் அண்ணன் அதே போருக்குப் போய் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்துபோனவர். அவர் எந்த மண்ணில் கிடக்கிறார் என்று தேடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கல்லில் இருப்பதைவிட இல்லாதது எவ்வளவு என்று எனக்கு உறைத்தது.

அந்தத் தேடலில் நான் கற்றுக்கொண்டதை முன்வைத்து, உங்களிடம் ஒரு வேலையைக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். புதிய நினைவுத்தூணோ மலர்வளையமோ கேட்கவில்லை. இந்தியப் படைப்பிரிவுகளும் மருத்துவமனைகளும் எழுதிவைத்த போர் நாட்குறிப்புகளை உங்கள் இறந்தோர் பதிவேட்டோடு இணைத்துத் தாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அந்த இணைப்பு இல்லாமல் ஒரு தமிழ்ச் சிப்பாயின் அடக்க இடத்தைத் தேடுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஏன் என்பதை எங்கள் வீட்டுக் கதையைக்கொண்டே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பெரியவரின் நினைவாக மிஞ்சியவை இரண்டு பொருள்கள். ஒன்று, சிங்கத்தோடு பிரிட்டானியா நிற்கும் வட்டமான வெண்கலத் தகடு. இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் அரசு அனுப்பிய அந்தத் தகட்டைப் பாட்டி பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டு விளக்கிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைப்பார். அதில் பெயர் மட்டும் புடைப்பாக இருக்கும். சாவில் எல்லோரும் சமம் என்று காட்டுவதற்காகப் பதவியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்களாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் எண்ணும் இல்லை, பிரிவும் இல்லை என்பதால் தேடுகிறவனுக்கு அந்தத் தகடு ஒரு முழம்கூட வழிகாட்டவில்லை. இன்னொன்று வெள்ளிப் பதக்கம். அதன் விளிம்பில்தான் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாவற்றையும் பொடி எழுத்தில் பொறித்திருந்தார்கள். வெள்ளியை விபூதியால் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஐம்பது அறுபது ஆண்டுகள் தேய்த்ததில் பதக்கத்தில் மன்னரின் மூக்கு மழுங்கியதோடு, விளிம்பில் இருந்த எண்ணின் கடைசி இலக்கமும் போய்விட்டது. நகைக்கடைக்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிச் சாய்வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அது 3 ஆ 8 ஆ என்று சொல்ல முடியவில்லை. படைப்பிரிவு மட்டும் தெளிவாக இருந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை சாப்பர்கள், அதாவது பாலமும் சாலையும் போடும் பொறியாளர் படை, இராணுவத்தார் இன்றும் ‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கும் படை.

பெரியவரின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்குப் பெரிதாக உதவாது, ஏனென்றால் வட ஆற்காட்டில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருந்த பெயர் அது. இங்கேதான் எங்கள் முதல் சிக்கல் தொடங்குகிறது. எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. முனுசாமி என்றால் முனுசாமிதான். அவரைப் பிரித்துக் காட்டுவது தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும். அந்த முனுசாமியை ஆள்சேர்ப்பு எழுத்தர் ஒருவர் முனிசுவாமி என்று எழுதுவார், மருத்துவமனை எழுத்தர் மூனூசாமி என்று எழுதுவார், பதிவேட்டை அச்சிட்டவர் இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்குவார். குடியாத்தம் அவர்கள் கையில் குடியாட்டம் ஆகும். கீழ், மேல், சின்ன, பெரிய என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இரண்டாக உடைந்து, முன்பாதி மட்டும் நின்றுவிடும். உங்கள் தளத்தில் தேடுபெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே பெயரைப் பதினேழு விதமாக எழுதிப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் முறை, குடும்பப்பெயர் உள்ள சமூகத்தை மனத்தில் வைத்து அமைத்தது.

பெயரால் தேடியதன் விளைவாக ஓராண்டுக் காலம் நான் வேறொருவரைப் பின்தொடர்ந்தேன். அதே பெயர், அதே படை, அதே 1917. பதக்கத்தில் அழிந்துபோன கடைசி இலக்கத்தில்தான் இருவரின் எண்களும் வேறுபட்டன. ஒருவருக்குத் தகப்பன் பெயர் பதிவாகியிருந்தது, ஊர் தெளிவில்லை. மற்றவருக்கு ஊர் போல ஏதோ ஒன்று இருந்தது, தகப்பன் பெயர் இல்லை. நான் முதலாமவரைத்தான் எங்கள் ஆள் என்று முடிவு கட்டி, வீட்டிலும் சொல்லி, அவர் இறந்த தேதிக்குப் படையலும் போட்டுவிட்டோம். யாரோ ஒருவருடைய பிள்ளைக்குப் போட்ட படையல் வீண்போகாது என்று அத்தை சொன்னார். இருந்தாலும் எங்கள் ஆளை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்தத் தவறு என்னுடையது. அதைத் திருத்தியது பெயர்ப் பதிவேடு அன்று, நாட்குறிப்பு.

களத்தில் இருக்கும் ஒவ்வொரு பட்டாளமும், சாப்பர்களில் ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு மருத்துவமனையும் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும் என்பது அன்றைய இராணுவ விதி. சி 2118 என்ற எண்ணுள்ள படிவம். இடம், தேதி, மணி, நிகழ்ச்சிச் சுருக்கம், குறிப்பு என்று கட்டங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் உலகப்போரின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. என் தங்கை மகன் அங்கே வேலை பார்க்கிறான். இரண்டு சனிக்கிழமைகளைக் காப்பகத்தில் கழித்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினான். அழியாப் பென்சிலால் எழுதிய எழுத்து. வியர்வையோ மழையோ பட்ட இடத்தில் ஊதாவாகப் பரவியிருந்தது.

சென்னை சாப்பர்களின் 12ஆவது, 13ஆவது கம்பெனிகள் மெசபடோமியாவில் 14ஆவது இந்திய டிவிஷனோடு இருந்தவை. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் எதிரியின் துப்பாக்கிக்கு நேராகப் படகு வலித்துப் படைகளை டைகிரிஸ் ஆற்றைக் கடக்க வைத்ததில் இந்தத் தம்பிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அடுத்த மாதம் 11ஆம் தேதி பாக்தாத் பிடிபட்டது. அந்த வெற்றியின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகு வந்த, யாரும் அதிகம் எழுதாத கோடைக்காலம். பாலம் பழுதுபார்த்தல், சாலை போடுதல், கிணறு வெட்டுதல், வெப்பநிலை, நோயாளிகள் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றிரண்டு வரிகள். எங்கள் ஆள் என்று நான் நம்பியிருந்தவரின் கம்பெனி எது என்று தேடும்போது, இரண்டு கம்பெனிகளின் நாட்குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தேன். ஒன்றில் அவர் இறந்த தேதியை ஒட்டி ஒரு சாவும் இல்லை. மற்றதில் மூன்று வாரம் தள்ளி ஒரு வரி இருந்தது: மருத்துவமனைக்கு அனுப்பிய பிற படிநிலையினரில் (அதாவது அதிகாரி அல்லாத சிப்பாய்களில்) ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்தது. அவ்வளவுதான், பெயர் இல்லை. அதே பக்கத்தில் ஓர் ஆங்கில அதிகாரி விடுப்பில் பம்பாய்க்குப் புறப்பட்டது பெயரோடும் பதவியோடும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் அந்தப் பெயரில்லாத வரியில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியை உங்கள் பதிவேட்டில் உள்ள இறந்த தேதியோடு ஒத்துப் பார்த்தபோது, நான் தள்ளிவைத்திருந்த இரண்டாவது ஆளோடுதான் அது பொருந்தியது. அவருக்கு எதிரே உடைந்து கிடந்த ஊர்ப்பெயரின் முன்பாதி எங்கள் ஊருக்கும் சேரும். ஆக, பெயரே எழுதாத ஓர் ஆவணம்தான் பெயர்களால் குழம்பிய ஒரு தேடலைத் தெளிவாக்கியது. இந்த வழியை உங்கள் ஆவணக்காரர்களுக்கு நான் கற்பிக்கத் தேவையில்லை. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் அடையாளம் தெரியாதவர் என்று கல் நட்ட கல்லறைகளுக்கு இதே முறையில் பெயர் மீட்டுத் தந்துகொண்டிருக்கிறீர்கள். நாட்குறிப்பில் உள்ள இடத்தையும் அடக்கப் பதிவில் உள்ள வரைபடக் குறியையும் ஒப்பிட்டுப் பொதுமக்கள் தரும் விண்ணப்பங்களை ஏற்று, சான்று தெளிவாகவும் நம்பத்தகுந்ததாகவும் இருந்தால் புதிய கல் நடுகிறீர்கள். அங்கே இறந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் பக்கத்தைத் திறந்தால், அவர் உடலை எந்த வயலிலிருந்து எடுத்தார்கள், கழுத்து வில்லையால் அடையாளம் கண்டார்களா கரண்டியில் கீறியிருந்த எண்ணால் கண்டார்களா என்பதுவரை எழுதிய தாளின் படத்தைப் பார்க்க முடிகிறது. எங்கள் பெரியவரின் பக்கத்தில் இருப்பது பாஸ்ரா நினைவிடம் என்ற சொல்லும் ஒரு பலகை எண்ணும்.

பாஸ்ரா நினைவிடம் என்றால், கல்லறை எங்கே என்று தெரியாதவர்களுக்கான நினைவிடம் என்று பொருள். 1914 இலையுதிர்காலம் முதல் 1921 ஆகஸ்டு வரை மெசபடோமியாவில் இறந்த 40,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் அடக்கம். முதலில் அதை எழுப்பியபோது பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் கல்லில் வெட்டிவிட்டு, இந்தியச் சாதாரணச் சிப்பாய்களை இன்ன பட்டாளத்தில் இத்தனை பேர் என்று எண்ணாக மட்டுமே எழுதினார்கள். எங்கள் வேலூர் மணிக்கூண்டு மாதிரியேதான். 1997இல் அந்த நினைவிடத்தையே பெயர்த்து எடுத்து நாசிரியா சாலையில் பாலைவனத்தில் நிறுத்தினார்கள். இன்று ஒரு குடும்பம் அங்கே போய்ப் பார்ப்பது எளிதன்று என்பதும், அதனால் ஈராக்கில் நினைவுகூரப்படுவோரின் பட்டியலை இரண்டு தொகுதிகளாக உங்கள் மெய்டன்ஹெட் தலைமையகத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் ஆள் உண்மையிலேயே காணாமல் போனவர்தானா என்பது என் கேள்வி. அவர் போர்க்களத்தில் சிதறியவர் அல்லர். நோய்ப்பட்டு, பிரிவிலிருந்து கள மருத்துவப் பிரிவுக்கும், அங்கிருந்து ஆற்று நீராவிப் படகில் கீழ்நோக்கி அமாராவுக்கும் போனவர். 1915 ஜூன் 3 அன்று பிடிபட்ட அமாரா நகரம், 1917 ஏப்ரலுக்குள் ஏழு பொது மருத்துவமனைகள் கொண்ட நோயாளிகளின் ஊராகவே மாறியிருந்தது. படுக்கை எண்ணும் காய்ச்சல் அட்டையும் இருந்த ஓர் இடத்தில், மருத்துவர் முன்னிலையில் இறந்து, ஏதோ ஒரு குழியில் இறக்கப்பட்டவரைத்தான் நாம் கல்லறை தெரியாதவர் என்கிறோம். அந்தச் சொல்லின் பொருள் அவர் தொலைந்தார் என்பதன்று, அவரைப் பற்றிய தாளைத் தொலைத்தார்கள் என்பதுதான்.

இதை நானாகச் சொல்லவில்லை, உங்கள் ஆணையத்தின் குறிப்பே சொல்கிறது. அமாரா இடது கரை இந்தியப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நினைவுகூரப்படும் இந்தியப் படையினர் ஏறத்தாழ 5,000 பேர். இராணுவ அதிகாரிகள் அடக்கம் பற்றிய முழுமையான பதிவுகளை வைத்திருக்கவில்லை என்பதால் அவர்களில் அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. அதே ஊரில் உள்ள அமாரா போர்க் கல்லறைத் தோட்டத்தில் 4,621 பேர் அடக்கம். அடையாளம் தெரியாதவர்கள் 925 பேர். மண்ணில் இருந்த உப்பு கற்களை அரித்ததால் 1933இல் அங்கே கல்லறைக் கற்களை எடுத்துவிட்டுப் பெயர்களைச் சுவரில் எழுதினார்கள். அங்கே கல் போனது, பெயர் மிஞ்சியது. இந்தியர்களின் தோட்டத்தில் பெயரே ஏறவில்லை. இந்த இரண்டு கணக்குகளையும் முதன்முதலாக அருகருகே எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்ளரோடு போரிட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனின் பெயரும், அவனோடு நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் இருக்கின்றன. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்தது 1917இல் இந்த 5,000 பேருக்குக் கிடைக்கவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தால், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். விசாரித்து எழுதிய இடங்களில் ஓரிடத்திலிருந்து வந்த பதில், இறந்தவர் இந்து என்பதால் தகனம் செய்திருப்பார்கள், ஆகவே கல்லறை இருக்க வாய்ப்பில்லை என்றது. எழுதியவரைக் குறைசொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த இந்து அப்படிப்பட்டவர். தமிழ்நாட்டில் பல சாதியார் இன்றைக்கும் தங்கள் இறந்தோரைப் புதைக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குச் சுடுகாடு என்று பெயர் இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் புதைமேடுகள்தாம். சென்னைப் பட்டாளங்களில் சாதி பாராமல் ஆள் எடுத்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தார்கள். மதத்தை வைத்துக் கல்லறை உண்டா இல்லையா என்று முடிவு செய்தால், தென்னாட்டார் பலர் இல்லாத சிதையில் எரிக்கப்பட்டவர்களாக ஆகிவிடுவார்கள்.

2021 ஏப்ரலில் உங்கள் ஆணையம் அமைத்த சிறப்புக் குழு தன் அறிக்கையை வெளியிட்டதை இங்கே பலர் படித்தோம். முதல் உலகப்போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர்வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை, அந்த எண்ணிக்கை 3,50,000 வரைகூட இருக்கலாம் என்று அந்தக் குழு மறைக்காமல் எழுதியது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது, பிரிட்டிஷ் அரசும் நாடாளுமன்றத்தில் கேட்டது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த அறிக்கைக்குப் பிறகு பெரிதும் பேசப்படுவது பட்டியலில் விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பது பற்றி. எங்களைப் போன்ற குடும்பங்களின் சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தப் பெயர் எந்த ஆள், அந்த ஆள் எந்த மண் என்பது தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. உங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு இந்தியப் படைவீரரின் பக்கத்திலும், அவர் இறந்த மாதத்துக்கு உரிய அவர் பிரிவின் நாட்குறிப்பு எந்தக் காப்பகத்தில், எந்த வரிசையில், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற குறிப்பைச் சேருங்கள். கியூ காப்பகத்தின் பட்டியல் பிரிவு வாரியாகவும் காலம் வாரியாகவும் ஏற்கெனவே அமைந்திருப்பதால் இதில் பெரும்பகுதி கணிப்பொறி செய்யக்கூடிய வேலைதான். அதைவிட முதன்மையாக, மெசபடோமியாவின் மருத்துவமனைகள், கள மருத்துவப் பிரிவுகள், மருத்துவப் படகுகள் ஆகியவற்றின் நாட்குறிப்புகளை முதலில் எடுத்துப் படியுங்கள், ஏனென்றால் அந்தப் போர்முனையில் நோய் எவரையும் விட்டுவைக்கவில்லை. பாக்தாதைப் பிடித்த தளபதி மாட் கூட 1917 நவம்பர் 18 அன்று காலராவில்தான் இறந்தார். அவருடைய கல்லறை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். பாக்தாத் வடக்கு வாயில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே கல் மண்டபத்துக்குள் இருக்கிறது. அதே கோடையிலும் அதே குளிர்காலத்திலும் அமாராவில் இறந்தவர்களை எந்த மருத்துவமனை எந்தப் பக்கத்தில் புதைத்தது என்ற அளவுக்காவது ஒரு வரைபடம் வரைய முடியாதா? ஆள் வாரியாகக் குழி தெரிய வேண்டாம். இன்ன மருத்துவமனையில் இன்ன மாதம் இறந்த இந்தியர்கள் இடது கரையில் இருக்கக்கூடும் என்று சான்றோடு சொல்ல முடிந்தால், கல்லறை தெரியாதவர் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக அந்த வரியைப் பதிவேட்டில் எழுதுங்கள். சான்று போதவில்லையென்றால் போதவில்லை என்று எழுதுங்கள், அதையும் ஏற்றுக்கொள்வோம்.

தேடுபெட்டியில் தகப்பன் பெயராலும் ஊராலும் தேட வழி செய்யுங்கள். தமிழறிந்த இரண்டு பேரைச் சில மாதங்கள் அமர்த்தினாலே சென்னை மாகாணத்து ஊர்ப்பெயர்களைச் சரியான இன்றைய ஊர்களோடு பொருத்திவிடலாம். அதற்குப் பல்கலைக்கழக மாணவர்கள் கைகொடுப்பார்கள், நானும் வருவேன். ஓர் ஊர்ப்பெயரைத் திருத்துவது எழுத்துப்பிழை திருத்துவது போன்றதன்று. அந்த ஊரில் இருக்கும் ஒரு வீட்டுக்குச் செய்தி போய்ச்சேரும் வழி அது.

இந்திய அரசின் பங்கும் இதில் சிறிதன்று. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கொள்கை, போர் நாட்குறிப்புகளை வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்பிப் பேண வேண்டும், சாதாரணமாக 25 ஆண்டுகளில் அவற்றை வெளிப்படையாக்க வேண்டும் என்கிறது. நூறாண்டு கடந்த நாட்குறிப்புகளில் இனி யாருக்கு என்ன இரகசியம் இருக்க முடியும்? தில்லியில் உள்ளவற்றின் பட்டியலை முதலில் இணையத்தில் இடுங்கள்; ஆவணத்தைப் பிறகு இடலாம். எது இருக்கிறது என்று தெரியாமல் எதைக் கேட்பது? அடையாளம் தெரியாத ஓர் இந்தியக் கல்லறைக்குப் பெயர் மீட்கச் சான்று சேர்த்தால், இந்தியத் தரப்பில் அதை ஆராய்ந்து முடிவு சொல்லும் அலுவலகம் எது என்பதையும் பொதுமக்களுக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அப்படி ஓர் அலுவலகம் இருக்கிறது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த 3,20,000 பஞ்சாப் வீரர்களின் பதிவுகளை எண்ணிமமாக்கி 2021இல் பொதுவில் வைத்தபோது, லண்டனில் இருந்த குடும்பங்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் கிராமத்தைக் கண்டுபிடித்தன. சென்னை மாகாணத்திலிருந்து அந்தப் போருக்குச் சென்றவர்கள், போர்வீரரும் பிற பணியாளருமாக, ஏறத்தாழ 92,000 பேர். அவர்களின் ஆள்சேர்ப்புத் தாள்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறைகளில் எங்காவது கட்டுக்கட்டாக இருக்கின்றனவா என்று தேடச் சொல்லி மாநில அரசுக்கு ஒரு கடிதம் எழுத ஹை கமிஷனர் அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது.

இரண்டாம் உலகப்போரைப் பற்றி நான் விரிவாக எழுதவில்லை, எங்கள் வீட்டுத் தேடல் அதைத் தொடவில்லை என்பதால். ஆனால் ரங்கூன் நினைவிடத்தில் கல்லறை தெரியாதவர்களாக ஏறத்தாழ 27,000 பேர் இருக்கிறார்கள் என்பதையும், தென்கிழக்காசியப் போர்முனையின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். முறைமையை மெசபடோமியாவில் பழகிக்கொண்டால் பர்மாவுக்கு அது நேரத்தோடு உதவும்.

நாட்குறிப்புகளை நான் வேதமாக நினைக்கவில்லை. எழுதியவர் களைத்திருப்பார், மூன்று நாள் கதையை ஒரே இரவில் எழுதியிருப்பார், மருத்துவமனையில் இறந்த செய்தி பிரிவுக்கு வரவே இரண்டு வாரம் ஆகியிருக்கும். எங்கள் விஷயத்திலும் பொருந்தியவை தேதியும் கம்பெனியும் பாதி ஊர்ப்பெயரும்தாம்; அழிந்துபோன கடைசி இலக்கம் அழிந்ததுதான். பெங்களூரில் படையின் பழைய எண்வரிசைப் பேரேடு இருக்குமானால் அந்த இலக்கமும் தெரிந்துவிடும். அதைப் பார்க்க இசைவு கேட்டுத் தனியாக விண்ணப்பித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பெரியவருக்கு இறந்த நாள் தெரியாததால், நாள் தெரியாதவர்களுக்கு வழக்கமாகச் செய்கிறபடி, மகாளய அமாவாசையன்று படையல் போட்டுவந்தோம். இரண்டாவது ஆளின் தேதி கிடைத்த பிறகு, பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் புரோகிதர் ஒருவரிடம் காட்டினோம். பிங்கள வருடம், ஆடி மாதம், தேய்பிறை என்று கணித்துத் திதியும் சொன்னார். இந்த ஆண்டு ஆடியில் அந்தத் திதிக்கே படையல் வைக்கிறோம். இறந்த ஊர் எது என்று அவர் கேட்டதற்கு அமாரா என்று சொல்லியிருக்கிறேன். மருத்துவமனை நாட்குறிப்பைப் பார்க்காமல் சொன்ன சொல் அது. பதக்க விளிம்பின் நிழற்படத்தையும் இரண்டு கம்பெனிகளின் அந்த மாதப் பக்கங்களையும் உங்கள் விசாரணைப் பிரிவுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். நான் சொன்ன ஊர் சரிதானா என்று பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தம் வட்டத்திலிருந்து, சென்னை சாப்பர் ஒருவரின் தம்பி பேரன்